ஹாம் வானொலியில் உரையாடல் வரம்பு

உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அரசியல், மதம், வியாபாரம் ஆகியவற்றைத் தொடாமல் விடும் மரபு. இதில் சட்டம் கொஞ்சம், வழக்கம் நிறைய. அமெச்சூர் வானொலி, ஹாம் வானொலி என்று இரு பெயராலும் அறியப்படும் இந்தப் பொழுதுபோக்கில் ஒருவர் பேசுவதை அந்த அலைவரிசையில் இருக்கும் எவரும் கேட்கலாம். மறைகுறி போட்டுப் பேசவும் அனுமதி இல்லை. ஆகவே இங்கே நடக்கும் எந்த அரட்டையும் முச்சந்தியில் நடப்பதுதான்.

சட்டத்தின் வேர்

1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச வானொலி மாநாடு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர்கள் என்ன பேசலாம் என்று வரையறுத்தது. பரிசோதனை தொடர்பான செய்திகளைப் பேசலாம். அவற்றைத் தவிர, பொதுத் தந்தியில் அனுப்பும் அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விஷயங்களையும் பேசலாம். தந்தித் துறையின் வருமானம் குறைந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் விளைவு வேடிக்கையானது: பேச்சு அற்பமாக இருக்க வேண்டும் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தமே நிபந்தனை போட்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த ‘முக்கியமின்மை’ நிபந்தனை நீங்கியது. அமெச்சூர் சேவை தொடர்பான செய்திகளும் சொந்தப் பேச்சும் மட்டுமே என்ற வரம்பு நின்றது.

அமெரிக்க விதிகள் ஆபாசம், வியாபாரம், இசை ஒலிபரப்பு போன்றவற்றைத் தடுக்கின்றன. அரசியல் பேச்சைத் தடுப்பதில்லை. இந்தியாவின் 1978ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கண்டிப்பானவை. செய்தி, விளம்பரம், வணிகத் தகவல் ஆகியவற்றோடு அரசியல், தொழில் தகராறுகள் பற்றிய கருத்துகளையும் அவை விலக்கின. அரசாங்கங்களுக்கு ஹாம்கள் மீது சந்தேகம் வரக் காரணம் இல்லாமலில்லை. 1942இல் விடுதலைப் போராளி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்குத் தொழில்நுட்ப உதவி செய்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம்.

போர் வந்தால் முதலில் பறிபோவதும் இந்த உரிமம்தான். 1941 டிசம்பரில் அமெரிக்கா தன் அமெச்சூர்களின் ஒலிபரப்பை நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் உக்ரைனும் அதையே செய்தது. தங்கள் பொழுதுபோக்கு அரசின் தயவில் நிற்கிறது என்பது ஹாம்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய நாவடக்கத்தில் பண்புக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த முன்னெச்சரிக்கைக்கும் உண்டு.

நடைமுறை

முதல் தொடர்பில் பரிமாறப்படுபவை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: அழைப்புக்குறி, பெயர், ஊர், சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பீடு. பிறகு கருவி, ஆன்டெனா, வானிலை. விடைபெறும்போது ‘73’ என்ற வாழ்த்து. எதிரில் இருப்பவரின் கட்சியோ மதமோ தெரியாமலே பல்லாண்டு நட்பு தொடர இந்த வரிசை போதுமானது. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜேஒய்1 என்ற குறியோடு, வெறும் ‘ஹுசைன்’ என்று பெயர் சொல்லிப் பேசியவர். 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்டுப் பெரும் சர்ச்சைகளின் நடுவில் நின்ற பேரி கோல்ட்வாட்டரும் (கே7யூஜிஏ), இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் (வியூ2ஆர்ஜி) இதே பொழுதுபோக்கினர். பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஹாம்களின் தொடர்பு உறுதி அட்டைகள் மாஸ்கோவின் அஞ்சல் பெட்டி எண் 88 வழியாகப் போய் வந்தன. அந்தப் பக்கத்துப் பேச்சு பெரும்பாலும் சுருக்கமானது. ஆனாலும் தொடர்பு அறுபடவில்லை.

எழுதப்பட்ட ஒழுக்க நெறிகளில் பழமையானது 1928இல் பால் சீகல் வகுத்த அமெச்சூர் நெறி. பரிவு, நட்பு, சமநிலை போன்ற ஆறு குணங்களை அது கேட்கிறது. எதைப் பேசக் கூடாது என்று பட்டியலிடவில்லை. அதைச் செய்தவர்கள் பெல்ஜியத்தின் ஜான் டெவோல்டெரும் மார்க் டெமெலனீரும். சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அவர்களுடைய கையேடு மதம், அரசியல், வியாபாரம், எந்தக் குழுவையும் இழிவுபடுத்தும் பேச்சு, கழிவறை நகைச்சுவை ஆகியவற்றை விலக்கச் சொல்கிறது. தன் வேலையைப் பற்றிப் பேசலாம், விளம்பரம்தான் கூடாது என்ற நுட்பமான பிரிப்பும் அதில் உண்டு.

பேச்சு தடம் மாறினால் அனுபவசாலிகள் கண்டிப்பதில்லை. ஆன்டெனாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள், அல்லது சிக்னல் மங்குகிறது என்று சொல்லி ‘73’ கொடுத்துவிடுவார்கள். பலர் கூடும் ‘நெட்’ சந்திப்புகளில் முறை வைத்துப் பேச விடும் கட்டுப்பாட்டாளர் அடுத்தவரை அழைத்துவிடுவார். வேண்டுமென்றே இடையூறு செய்பவருக்குப் பதிலே சொல்லாதே என்பதுதான் எல்லாக் கையேடுகளும் தரும் ஒரே மருந்து. காவல்காரராகத் தம்மை நியமித்துக்கொண்டு அலைவரிசையில் கத்துபவர் இடையூறு செய்பவரைவிட அதிக இரைச்சல் உண்டாக்குகிறார் என்பது பொது அனுபவம்.

மீறல்கள்

மரபு எல்லா இடங்களிலும் காக்கப்படுவதில்லை. வட அமெரிக்காவில் 7,200 கிலோஹெர்ட்ஸும், உலக அளவில் 14,313 கிலோஹெர்ட்ஸும் வசைக்கும் வம்புக்கும் பேர்போனவை. அழைப்புக்குறி மூலம் ஆளை அடையாளம் காண முடியும் என்பது பெரிய தடுப்பு. அதனால் வம்பர்கள் முதலில் கைவிடுவது அழைப்புக்குறியைத்தான்.

இன்னொரு குறையும் உண்டு. அரசியலை வெளியே நிறுத்தியவர்கள் தொழில்நுட்பத்தை வைத்தே சண்டையிடுகிறார்கள். மோர்ஸ் தேர்வு கட்டாயமா என்ற வாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2003இல் சர்வதேச விதியிலிருந்தும் 2007இல் அமெரிக்கத் தேர்விலிருந்தும் மோர்ஸ் கட்டாயம் நீக்கப்பட்ட பிறகும் முணுமுணுப்பு ஓயவில்லை. 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் வெளியிட்ட எஃப்டி8 என்ற கணினி வழி முறை அடுத்த சண்டையைக் கொடுத்தது. அதில் 15 வினாடிக்கு ஒரு செய்தி. விருப்பப்படி எழுத 13 எழுத்துகளுக்கே இடம். இது பேச்சே அல்ல என்பது பழைய தலைமுறையின் புகார். குறை சொல்ல முடியாத புகார்தான்: அந்த முறையில் சச்சரவுக்கு இடமில்லை, அரட்டைக்கும் இடமில்லை.