பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? ஸ்காட்லாந்து வேர்களைத் தேட ஈஸி வழி!

பல நாடுகளில் வம்சத் தேடல் முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான். கல்யாணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிடும். அதுக்கு முன்னாடி அவர் யார் வீட்டுப் பெண்ணுன்னு தெரியாது. ஸ்காட்லாந்தில் அந்தச் சிக்கல் ரொம்பக் குறைவு. ஒரு ஸ்காட்டிஷ் குடும்பத்தின் வேரைத் தேடணுமா? இந்த வரிசையில் போங்க.

இறப்புப் பதிவில் தொடங்குங்க

1855 ஜனவரி 1 முதல் அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்வது கட்டாயம். இறப்புப் பதிவில் அப்பா பெயரோடு, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் இருக்கும். 1860-ல் 80 வயசுல இறந்தவரின் பதிவு கிடைச்சா, 1700-களில் பிறந்த அவரோட அப்பா, அம்மா பெயரும் தெரியவரும். ஆனா, விவரம் சொன்னது வேற ஒருத்தர். அதனால திருமணப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்க.

சென்சஸில் வயசைக் கவனிங்க

1841 முதல் 1921 வரையிலான சென்சஸைப் பார்க்கலாம். 1841-ல் 15 வயசுக்கு மேற்பட்டவர்களின் வயசைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைச்சு எழுதினாங்க. 39 வயசுக்காரர் 35 ஆகியிருப்பார்!

1855-க்கு முன்னாடி?

சர்ச் பதிவேடுகள்தான் கதி. மிகப் பழையது எரோல் என்ற ஊரில், 1553-ல் தொடங்குது. எல்லாரும் பதிவு செய்யலை என்பதால் இடைவெளிகள் இருக்கும். அங்கே பெயர் வைக்கிற வழக்கம் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். நம்ம ஊர் 'பேரன்' கணக்கு மாதிரியேதான்! இது துப்பு மட்டுமே, ஆதாரம் இல்லை.

'கேம்ப்பெல்', 'மெக்டொனால்ட்'னு பெயர் ஒன்றாக இருந்தாலே சொந்தம்னு முடிவு பண்ணிடாதீங்க. தலைவரின் நிலத்தில் வாழ்ந்தவங்களும் அவர் பெயரை வச்சுக்கிட்டதுண்டு.

எங்கே தேடுவது?

'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசு இணையதளத்தில். பதிவின் படத்தைப் பார்க்கக் கட்டணம் உண்டு. பிறப்புப் பதிவு 100, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டுகள் கடந்த பிறகுதான் ஆன்லைனில் படமாகக் கிடைக்கும். அதுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கதையைச் சொல்ல வீட்டுப் பெரியவங்கதான் இருக்காங்க. பதிவேடு எங்கேயும் போயிடாது. அதனால, முதல்ல அவங்ககிட்ட பேசிடுங்க.