22ஆம் நிறமூர்த்தத்திலிருந்து வட்டவளை வரை: வெண்குருதிப் புற்றுநோய் மருந்து வந்த பாதை

வெண்குருதிப் புற்றுநோயின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது: நிறமூர்த்தத்தில் பிழை கண்டார்கள், அதற்கேற்ற மருந்து செய்தார்கள், நோயாளி பிழைத்தார். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளையிலிருந்து பார்த்தால் இதில் ஒரு கட்டம் விடுபட்டிருப்பது தெரியும். மருந்து பிறந்ததற்கும் அது ஏழையின் கைக்கு எட்டியதற்கும் இடைப்பட்ட அக்கட்டத்தின் முக்கியமான பகுதி சென்னையிலும் வேலூரிலும் நடந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறமூர்த்தக் குழப்பத்திலிருந்து புற்றுநோய் பிறக்கலாம் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவேரி 1914இலேயே எழுதினார். மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. ஆகவே அந்த ஊகம் நெடுங்காலம் ஊகமாகவே கிடந்தது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாட்பட்ட மைலோயிட் வகை நோயாளரின் கலங்களில் வழமைக்கு மாறாகச் சிறுத்த ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டனர்; அது பிலடெல்பியா நிறமூர்த்தம் எனப்பட்டது. நோவெல் கண்ணாடித் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசியபோது கலங்கள் ஊதி, நிறமூர்த்தங்கள் விலகித் தெரிந்தனவாம். குறைந்த துண்டு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு 1973இல் சிக்காகோவின் ஜெனட் ரௌலி விடை கண்டார். நிறமூர்த்தப் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒப்பிடுவது அவர் வழக்கம். சிறுத்த 22ஆம் நிறமூர்த்தம் இழந்தது 9இல் ஒட்டியிருந்தது. பிழை நோயின் காரணமா, விளைவா என்ற பழைய வழக்கு அதன்பின் காரணத்தின் பக்கமே சாய்ந்தது.

9உம் 22உம் ஒட்டுமிடத்தில் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புப் பரம்பரையலகு ஓயாமல் இயங்கும் ஒரு நொதியத்தை ஆக்குகிறது, வெண்குருதிக் கலங்கள் பெருகுகின்றன. சில ஆண்டுகள் நோய் அடங்கியதுபோல் இருக்கும். இன்னுமொரு பிலடெல்பியா நிறமூர்த்தமோ, மேலதிக 8ஆம் நிறமூர்த்தமோ சேர்ந்தால் முதிராக் கலங்கள் பொங்கும் கடுங்கட்டம் நெருங்குகிறது என்று பொருள். நோயின் போக்கை நிறமூர்த்தத்தில் முன்கூட்டியே வாசிக்க முடிவது இப்படித்தான்.

இந்த நொதியத்தை அடைக்கும் இமாடினிப் மாத்திரை 1998இல் மருத்துவர் பிரையன் டிரக்கரின் வழிகாட்டலில் நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரும் பரிசோதனையொன்றில் இதை முதல் மருந்தாகப் பெற்றோரில் ஏறத்தாழ 83 வீதமானோர் பத்தாண்டின் பின்னும் உயிரோடிருந்தனர். ஆனால் இந்தியாவில், அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 இந்திய ரூபாய் ஆனது. உள்ளூர் நிறுவனங்களின் அதே மருந்து 8,000 ரூபாய் அளவில் கிடைத்தது. எது நிலைக்கும் என்பது காப்புரிமையைப் பொறுத்திருந்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், நோய் தீர்க்கும் திறன் கூடாவிட்டால், புதுக் கண்டுபிடிப்பாகாது என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மருத்துவ வரலாற்று நூல்கள் இத்தீர்ப்புகளை அடிக்குறிப்பில் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

வேலூரின் கதை வேறு. வெண்குருதிப் புற்றுநோயின் கடும் புரோமைலோசைட் வகையில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. இதையும் 1977இல் ரௌலியின் குழுவே கண்டது. குருதிக் கசிவால் சில நாட்களிலேயே உயிர் போகக்கூடிய நோய் இது. சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் இதற்கு ஆர்செனிக்கைப் பயன்படுத்தி வழிகாட்டியிருந்தனர். பாஷாணத்தை மருந்தாக்குவது நம் சித்த மரபுக்கும் அந்நியமல்ல. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 புதிய நோயாளருக்கு விக்ரம் மாத்யூஸ் உள்ளிட்ட குழுவினர் ஆர்செனிக் டிரையொக்சைட்டை மட்டுமே அடிப்படை மருந்தாகக் கொடுத்தனர். 62 பேரிடம் நோய் முற்றாகத் தணிந்தது. தணிந்தபின் வெளிநோயாளராகவே மருந்தைத் தொடர முடிந்தது. செலவு மிக்க கீமோதெரபி இல்லாமல் இது சாத்தியம் என்று 2006இல் வெளியான அக்கட்டுரை காட்டியது.

மருந்து மலிந்த பின்னும் தடைகள் தீரவில்லை. வட்டவளையில் கொழுந்தெடுக்கும் ஒருவரின் களைப்பையும் வெளிறலையும் இரத்தச்சோகை என்று எண்ணி இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவது எளிது. இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை வெண்குருதிக் கலங்களின் பெருக்கைக் காட்டும். எந்த நிறமூர்த்தம் பிசகியது என்று சொல்லாது. அதற்குப் பிரிந்து பெருகும் உயிர்க்கலங்களும் அவற்றை வளர்க்கும் ஆய்வுகூடமும் வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கண்டிக்கோ மகரகமவுக்கோ போகும் ஒவ்வொரு கிளினிக் நாளும் செக்ரோல் என்ற தோட்ட வருகைப் பதிவேட்டில் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, இழக்கும் நாள். கிளினிக் தவறினால் மாத்திரையும் தவறும். லண்டன் ஹேமர்ஸ்மித் வைத்தியசாலையின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், இமாடினிபை 80 வீதமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களில் ஒருவருக்கும் மூலக்கூற்று அளவிலான தணிவு கிட்டவில்லை. மாதத்தில் ஆறு மாத்திரை விடுபட்டாலே அந்த 80 வீதம் வந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கொருமுறை பிசிஆர்-ஏபிஎல் அளவு பார்க்க இரத்தக் குழாய் பயணித்தால் போதும், ஆள் பயணிக்க வேண்டியதில்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, டிக்கோயாவிலேயே இரண்டு மாத மாத்திரையும் கொடுக்க ஏற்பாடு செய்தால், நோயாளி இழக்கும் நாட்கள் குறையும்.