மணிக்கட்டுக் குகை நோய்: புரிதலும் சிகிச்சையும் வளர்ந்த வரலாறு

மணிக்கட்டுக் குகை நோய் என்பது கையின் நடு நரம்பு மணிக்கட்டுப் பகுதியில் அழுத்தப்படுவதால் உண்டாகும் மரத்துப்போதல், எரிச்சல், வலி, வலுக்குறைவு ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். மருத்துவமனைகளில் இது 'கார்பல் டனல் சிண்ட்ரோம்' என்ற பெயரில் வழங்குகிறது. இன்று இது உலகில் மிகப் பரவலாக அறியப்பட்ட நரம்பு அழுத்த நோய். ஆனால் இதன் காரணம் மணிக்கட்டில்தான் இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதுவரை பலர் தவறான இடத்தில் சிகிச்சை பெற்றனர்.

குகையின் அமைப்பு

மணிக்கட்டின் சிறு எலும்புகள் ஒரு வாய்க்கால் போல வளைந்து அமைந்துள்ளன. அந்த வாய்க்காலின் மேல் கடினமான நார்ப்பட்டை ஒன்று கூரை போலக் குறுக்கே விரிந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியே 'மணிக்கட்டுக் குகை'. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் இதன் வழியாகவே உள்ளங்கைக்குச் செல்கின்றன. எலும்பும் நார்ப்பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே சிறிது வீக்கம் ஏற்பட்டாலும், அழுத்தத்தைத் தாங்கவேண்டியது மென்மையான நரம்புதான்.

நடு நரம்பு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருகிறது. கட்டைவிரலின் அடியிலுள்ள தசைமேட்டை இயக்குவதும் பெரும்பாலும் இதுவே. சுண்டுவிரல் வேறு நரம்பைச் சார்ந்தது. அதனால் இந்நோயில் சுண்டுவிரல் பொதுவாகத் தப்பிவிடுகிறது.

தொடக்ககாலப் பதிவுகள்

இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1854-இல் குறிப்பிட்ட ஒரு நோயாளியே இவ்வரலாற்றின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறார். முன்கை எலும்பின் கீழ்முனை முறிந்து, கூடியபோது அளவுக்கு மிஞ்சி எலும்பு வளர்ந்து, நடு நரம்பை அழுத்தியது. கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் ஆறாத புண்கள் தோன்றின. மணிக்கட்டைத் தளர்வான நிலையில் வைத்துக் கட்டியபோது புண்கள் ஆறின. கட்டை அவிழ்த்து அவர் கையைப் பயன்படுத்தத் தொடங்கியதும் மீண்டும் வந்தன. அழுத்தமே காரணம் என்பதற்கு இது தெளிவான சான்று. ஆனால் எலும்பு முறிவின் பின்விளைவாகவே இது பார்க்கப்பட்டது. அடிபடாத கையிலும் இது நேரலாம் என்று அப்போது எவரும் கருதவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம், 1880-இல் 37 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலோர் பெண்கள். இரவிலோ விழித்தெழும்போதோ அவர்களுடைய கை மரத்துப்போனது. கையைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டாலோ உதறினாலோ சிலருக்குத் தணிந்தது. நோயின் முகத்தை இவ்வளவு துல்லியமாக வரைந்த புட்னம், காரணத்தை மட்டும் இரத்தக் குழாய்களில் தேடினார். 1893-இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் ஷூல்ட்சே இந்நிலைக்கு 'அக்ரோபரெஸ்தீசியா' என்று பெயரிட்டார். கைகால் நுனிகளில் தோன்றும் மரமரப்பு என்பதே அதன் பொருள். அப்பெயர் அறிகுறியைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை.

ஒரே நோய் இரண்டாகப் பிரிந்தமை

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் நேர்ந்தது. இரவில் கை மரத்துப்போகும் நடுவயதுப் பெண்கள் ஒரு நோய்க்குரியவர்களாகவும், கட்டைவிரல் தசைமேடு வற்றிப்போன முதியோர் வேறொரு நோய்க்குரியவர்களாகவும் கருதப்பட்டனர். முன்னது தொடக்க நிலை, பின்னது முற்றிய நிலை என்பது எவருக்கும் புலப்படவில்லை.

பிரான்சின் பியேர் மாரி, சார்ல் ஃபுவா ஆகிய இருவரும் 1913-இல் இதற்கு விடையை ஏறக்குறைய கண்டுவிட்டனர். இரு கைகளிலும் தசைமேடு வற்றியிருந்த 80 வயது மூதாட்டி ஒருவரின் உடலை அவர் இறந்தபின் ஆராய்ந்தனர். நார்ப்பட்டைக்குச் சற்று மேலே நரம்பு முடிச்சுப்போல வீங்கியிருந்தது. பட்டைக்கு அடியில் மெலிந்திருந்தது. உரிய காலத்தில் நார்ப்பட்டையை வெட்டியிருந்தால் தசை வற்றாமல் தடுத்திருக்கலாம் என்றும் அவர்கள் கூறினர். இன்றைய சிகிச்சையின் அடிப்படை இதுவே. ஆயினும் அக்கருத்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

கவனம் கழுத்தின் பக்கம் திரும்பியிருந்ததே அதற்கு முக்கியக் காரணம். இந்நோயின் வலி சிலருக்கு முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும். அத்துடன், கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு சிலருக்கு இருப்பதை எக்ஸ்-கதிர்ப் படங்கள் காட்டின. எனவே நரம்பு கழுத்தடியில்தான் நசுங்குகிறது என்று மருத்துவர்கள் நம்பினர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கழுத்து விலாவையோ முதல் விலாவையோ நீக்கும் அறுவைகளும், கழுத்துத் தசையை வெட்டும் அறுவைகளும் நடைபெற்றன. மணிக்கட்டில் ஒரு சிறு வெட்டால் தீரக்கூடிய துன்பத்திற்காக, ஆபத்து மிகுந்த கழுத்து அறுவைக்கு உட்பட்டவர்களும் இருந்தனர்.

மணிக்கட்டுக்குத் திரும்புதல்

கனடாவின் வின்னிபெக் நகரில் ஹெர்பர்ட் காலோவே 1924-இல் செய்த அறுவையே, நரம்பை விடுவிக்க மணிக்கட்டில் செய்யப்பட்ட முதல் அறுவையாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து ஜேம்ஸ் லேர்மந்த் 1933-இல் நார்ப்பட்டை வெட்டும் முறையைப் பற்றி எழுதினார். இவை பழைய காயத்தின் விளைவாக வந்தவை.

காயமே இல்லாதவர்களுக்கும் இது நேரும் என்பதை நிலைநாட்டியது 1947-இல் 'லான்செட்' இதழில் வெளியான கட்டுரை. ரஸ்ஸல் பிரெய்ன், டிக்சன் ரைட், மார்சியா வில்கின்சன் ஆகிய மூவரும் ஆறு பெண்களுக்கு இவ்வறுவையைச் செய்து பயன் கண்டதை அதில் விவரித்தனர். 1953-இல் கிரெமர், கில்லியட் முதலியோர் இரவு மரமரப்பும் மணிக்கட்டு அழுத்தமும் ஒன்றே என்று காட்டினர். இரண்டாகப் பிரிந்திருந்த நோய் மீண்டும் ஒன்றானது.

இதனைப் பொது மருத்துவ அறிவாக்கிய பெருமை அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபேலனுக்கு உரியது. 1950 முதல் தொடர்ந்து எழுதிய அவர், 1966-இல் 17 ஆண்டுகளில் தாம் கண்ட 654 கைகளைப் பற்றிய அனுபவத்தை வெளியிட்டார். மணிக்கட்டை முழுமையாக மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மரமரப்பு தோன்றுகிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜான் சிம்ப்சன் 1956-இல் நரம்பின் வழியே மின் துடிப்பு மணிக்கட்டில் தாமதமாவதைக் காட்டினார். நோயை அளந்து உறுதிசெய்ய அது வழிவகுத்தது.

காரணம் பற்றிய விவாதம்

கர்ப்பகாலம், நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், நீண்டகால டயாலிசிஸ் ஆகியவை இந்நோய்க்கு இடம்கொடுக்கின்றன. குறிப்பிட்ட காரணம் ஏதும் தெரியாதவர்களும் பலர்.

இது தொழிலால் வருகிறதா என்பது நெடிய விவாதம். தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதும் அதன் விடையைப் பொறுத்தே அமைந்ததால், அது மருத்துவக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. ஃபேலன் தொழிலுக்குப் பெரிய இடம் தரவில்லை. ஆனால் அதிர்வுக் கருவிகளைக் கையாள்வோருக்கும், விசையுடன் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வோருக்கும் இந்நோய் மிகுதியாக வருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பொதுமக்கள் பெரிதும் குற்றம் சாட்டும் கணினி விசைப்பலகைக்கு எதிரான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. டென்மார்க்கில் நடந்து 2003-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, விசைப்பலகைப் பயன்பாட்டுக்கும் இந்நோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை.

இன்றைய சிகிச்சை

தொடக்க நிலையில், தூங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணிவதே முதல் சிகிச்சை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது குகையின் அழுத்தம் உயர்கிறது என்பதே இதன் காரணம். குகைக்குள் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைக் குறைத்துச் சில வாரங்களோ மாதங்களோ நிவாரணம் தரும். பலருக்குத் தொல்லை திரும்பி வருவதுண்டு.

இவற்றால் தீராதவர்களுக்கும் தசை மெலியத் தொடங்கியவர்களுக்கும் நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவிக்கும் அறுவை செய்யப்படுகிறது. கையை மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். 1980-களின் இறுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் முறை உருவானது. நெதர்லாந்தில் 176 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், 18 மாதங்களுக்குப் பின் அறுவைப் பிரிவில் 90 விழுக்காட்டினரும் பட்டைப் பிரிவில் 75 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர்.

மரமரப்பு வந்து போகும் கட்டத்தில் நரம்பு பொதுவாக மீண்டுவிடும். தசைமேடு வற்றியபின் செய்யும் அறுவை வலியைத் தணித்தாலும், இழந்த வலு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆகவே காலம் தாழ்த்தாமை முக்கியம்.

நோயை அறிவதில் நோயாளியின் சொல்லுக்குப் பெரிய இடம் உண்டு. கனடாவின் வில்லியம் பிரைஸ்-ஃபிலிப்ஸ் 1984-இல், இரவில் விழித்ததும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் கையை உதறிக்காட்டுவதே இந்நோயின் நம்பத்தக்க அடையாளம் என்று எழுதினார். புட்னத்தின் நோயாளிகள் 1880-லேயே அதைச் சொல்லியிருந்தார்கள்.