இரட்டை இலையும் பாகப்பிரிவினையும்

2001 மே மாதம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு ஏலக்காய்க் கடையின் கணக்கு விஷயமாகக் கட்டப்பனைக்குப் போயிருந்தேன். போடியிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்து பூப்பாறை வழியாக ஜீப் போயிற்று. தோட்ட வேலைக்குப் போன பெண்கள் வழியில் இறங்கிக்கொண்டார்கள். மகளைப் பார்க்கக் கட்டப்பனை வரை வந்த ஒரு அம்மாள் மட்டும் மிஞ்சினாள். ஊர் நெருங்கும்போது ஒரு மதில் முழுக்க இரட்டை இலை.

"ஏன் தம்பி, நம்ம எலை இங்கிட்டும் நிக்குதா?" என்று கேட்டாள்.

இது எம்.ஜி.ஆர். இலை இல்லை, மாணி என்று ஒருவருடைய கட்சி இலை என்று விளக்கினேன். "எலை ஒண்ணுதான. ஆளுதான வேற" என்றாள்.

அப்போது சிரித்தேன். பிறகு யோசிக்க யோசிக்க அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்துக்கு அதன் மாநிலத்துக்குள்தான் சின்னம் சொந்தம். ஆகவே ஒரே சின்னம் இரண்டு மாநிலங்களில் இரண்டு கட்சிகளுக்கு இருக்க முடியும். அண்ணா தி.மு.க.வும் கேரள காங்கிரஸ் மாணி பிரிவும் அப்படித்தான் மலையின் இரு சரிவுகளிலும் ஒரே இலையை வைத்துக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அந்த இலைக்காகக் கோர்ட்டு வாசல் ஏறினார்கள். கட்சிப் பூசல் என்பது கருத்து மோதல் என்ற பிரமை நம் எழுத்தாளர்களிடையே இன்னும் இருக்கிறது. இந்தச் சரித்திரத்தைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் அந்தப் பிரமை நீங்கும் என்பதால் எழுதுகிறேன்.

*

கேரள காங்கிரஸ் கோட்டயத்தில் பிறந்தது. ஆனால் அதன் ஜீவன் கணிசமாக மலையில்தான் இருந்தது. 1954–55இல் பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு திருவிதாங்கூர்–கொச்சியில் உயர்மலைக் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. கல்லாறு பக்கம் உண்டான குடியிருப்புக்குப் பட்டம் காலனி என்றே பெயர். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர் பெரும்பான்மையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது என்பது நம் பக்கத்தாரின் குற்றச்சாட்டு. குடியேறியவன் பக்கம் வேறு கதை: கீழே நிலம் இல்லை, பசி, மேலே காடு, யானை, மலேரியா. 1956இல் அந்தத் தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. 1961இல் இடுக்கி மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலில் குடியேறியவர்களை அரசு வெளியேற்றியபோது, குமுளிக்குப் பக்கத்து அமராவதியில் ஏ.கே.கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்பில் பெயர் பெற்ற பாதிரியார் வடக்கனே அவருக்குத் துணை நின்றார்.

ஆக, கட்சி வருமுன்பே அதற்கான மனக்குறை மலையில் விளைந்து கிடந்தது. பட்டா இல்லாத நிலம், விலை நிற்காத விளைபொருள், தன்னைக் கேட்காத தலைநகரம். ஒரு மூன்றாவது கட்சிக்கு இதைவிட நல்ல மண் வேறில்லை.

ஆனால் கட்சி அந்த மனக்குறையிலிருந்து பிறக்கவில்லை. உள்துறை மந்திரியாக இருந்த பி.டி.சாக்கோ ஒரு கார் விபத்தைச் சுற்றிக் கிளம்பிய அபவாதத்தால் 1964 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். அந்த வருஷ மத்தியில் மாரடைப்பில் இறந்தார். செப்டம்பரில் கே.எம்.ஜார்ஜ் தலைமையில் அவருடைய ஆதரவாளர்கள் 15 பேர் ஆர்.சங்கரின் காங்கிரஸ் அரசைக் கவிழ்த்தார்கள். அக்டோபரில் கோட்டயம் திருநக்கரை மைதானத்தில் மன்னத்து பத்மநாபன் புதுக்கட்சிக்குப் பெயர் சூட்டினார். சிரியன் கிறிஸ்தவரும் நாயரும் சேர்ந்த கூட்டணி இது என்பார்கள், உண்மைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கட்சியின் ஆதிக் காரணம் ஒரு சாவு. அவருக்கு இழைத்த அநீதி என்ற உணர்ச்சி. மலையின் மனக்குறை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சாவிலிருந்து பிறந்த கட்சியில் யார் வாரிசு என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. மற்றக் கேள்விகள் அதன் பிறகு.

1965 தேர்தலில் 133 இடங்களில் 23ஐ வென்றது. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் அந்தச் சபை கூடாமலே கலைந்தது. 1967இல் 5 இடங்கள். பாலாவில் 1965இல் ஜெயித்த கே.எம்.மாணி 2019இல் இறக்கும்வரை அந்தத் தொகுதியை விடவே இல்லை.

*

பிளவுகளை வரிசையாகச் சொன்னால் வாசகருக்குச் சலிப்புத் தட்டும்; ஆனாலும் சலிப்பே இங்கு ஒரு சாட்சியம். 1976 டிசம்பரில் ஜார்ஜ் இறந்தார். மறு வருஷம் ஆர்.பாலகிருஷ்ண பிள்ளை தனிக்கட்சி. 1979இல் மாணியும் பி.ஜே.ஜோசஃபும் பிரிந்தார்கள். 1985இல் சேர்ந்தார்கள். 1987இல் பிரிந்தார்கள். 1993இல் டி.எம்.ஜேக்கப் போனார். 2003இல் பி.சி.ஜார்ஜ். 2010இல் ஜோசஃப் திரும்பி வந்தார். தன் கட்சி வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் என்று மாணியே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உழைக்கும் வர்க்கம் பற்றி ஒரு சித்தாந்தமும் எழுதினார். அந்தச் சித்தாந்தத்தை மறுத்து யாரும் கட்சியை விட்டுப் போனதாகத் தெரியவில்லை.

இந்த வரிசையில் ஒரு காட்சி என்னை விடுவதில்லை. 1977 டிசம்பரில் கோர்ட்டு மாணியின் தேர்தலைச் செல்லாதென்றது. உள்துறையை விட்டு இறங்கினார். அந்த நாற்காலியில் ஜோசஃப் எட்டு மாதம் உட்கார்ந்தார். சுப்ரீம் கோர்ட்டில் வென்று மாணி திரும்பியதும் எழுந்து கொடுத்தார். அடுத்த வருஷம் கட்சி இரண்டாயிற்று. இரவல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு அந்தச் சூடு உடம்பைவிட்டுப் போவதில்லை போலும்.

போடிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓ.பன்னீர்செல்வம் 2001இலும் 2014இலும் 2016இலும் மூன்று தடவை முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்து மூன்று தடவையும் எழுந்தவர். கடைசி இரண்டு தடவையும் எங்கள் தொகுதி உறுப்பினர். மூன்றாம் தடவை எழுந்த பிறகுதான், 2017 பிப்ரவரியில், மெரினாவில் சமாதி முன் கண்மூடி உட்கார்ந்தார். அந்த மார்ச்சில் இலை முடங்கியது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு ஒரு தரப்புக்கு இரட்டை மின்கம்பம், மறு தரப்புக்குத் தொப்பி. அந்தத் தேர்தலும் ரத்தாயிற்று.

அதற்கு முந்தைய முடக்கம் இன்னும் நெருக்கமாக நினைவிருக்கிறது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்து, ஜானகியின் மந்திரிசபை 24 நாளில் விழுந்து, 1989 ஜனவரித் தேர்தல். போடியில் ஜெயலலிதா, பக்கத்து ஆண்டிபட்டியில் ஜானகி. இவருக்குச் சேவல், அவருக்கு இரட்டைப் புறா. எங்கள் தெருவில் சுவர் எழுதுகிறவன் இலையை நாலு இழுப்பில் போட்டுவிடுவான். சேவல் வரவில்லை. கொண்டையும் வாலும் சேர்ந்து வாத்து மாதிரி நின்றது. ஆண்டிபட்டிப் பக்கம் புறா வரையவும் அவனே போனான். இரண்டு பக்கமும் கூலி ஒன்றுதான் என்றான். சேவல் 27 இடம் பெற்றது, புறா 2. ஆட்சி தி.மு.க.வுக்குப் போயிற்று. பிப்ரவரியில் இரு தரப்பும் சேர்ந்தார்கள், இலை திரும்பியது, மார்ச்சில் மதுரைக் கிழக்கும் மருங்காபுரியும் இலைக்கே விழுந்தன. என்ன கருத்து வேற்றுமையால் பிரிந்தார்கள், அது எப்படித் தீர்ந்தது என்று போடியில் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

*

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சரிவில் பிளவு சில வாரத்திலோ சில மாதத்திலோ ஒட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் தோற்றவன் கரைந்து போகிறான். அந்தச் சரிவில் பிளவு அறுபது வருஷம் உயிர் வாழ்கிறது. தமிழன் ஒற்றுமைக்காரன், மலையாளி சண்டைக்காரன் என்று இதற்குக் காரணம் சொல்வது அசட்டுத்தனம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கேரளத்தில் கூட்டணி மந்திரிசபை. 2011இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி 140இல் 72 பெற்றது. மயிரிழைப் பெரும்பான்மை. ஜேக்கப் கட்சிக்கு ஒரே உறுப்பினர், பாலகிருஷ்ண பிள்ளை கட்சிக்கு ஒரே உறுப்பினர். இருவருமே மந்திரிகள். துண்டு போட்டால் துண்டுக்கும் விலை உண்டு. தமிழ்நாட்டில் 1967 முதல் 2021 வரை நடந்த எந்தத் தேர்தலுக்குப் பிறகும் கூட்டணி மந்திரிசபை அமையவில்லை. துண்டுக்கு விலையில்லை, முழுச்சொத்துக்குத்தான் விலை. ஆகவே அங்கே பாகம் பிரித்துக்கொண்டார்கள், இங்கே முழுதும் எனக்கென்று வழக்காடினார்கள். இரண்டிலும் கட்சி என்பது சொத்து.

வழக்காடுவதற்குச் சட்டமும் வழி செய்தது. 1968ஆம் வருஷத்துச் சின்னங்கள் ஆணையின் 15வது பத்தி, பிளவுபட்ட கட்சியில் எது அசல் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் கமிஷனுக்குக் கொடுத்தது. 1969 காங்கிரஸ் பிளவு வழக்கில், 1971இல், தலை எண்ணுவது சரியான வழி என்று சுப்ரீம் கோர்ட்டும் ஒப்பியது. கமிஷன் வேறென்ன செய்யும்? ஸ்தாபகரின் எண்ணத்துக்கு யார் விசுவாசம் என்பதை அளக்கத் தராசு இல்லை. எம்.எல்.ஏ.க்களையும் கமிட்டி அங்கத்தினர்களையும் எண்ணலாம். ஆனால் விளைவு என்னவென்றால், கட்சியில் சிந்திக்கிறவனுக்கு மதிப்பில்லை. கமிட்டியில் ஆள் வைத்திருப்பவனுக்கு மதிப்பு.

2019 ஏப்ரலில் மாணி இறந்தார். ஜூனில் மகன் ஜோஸ் கே.மாணியை ஒரு தரப்பு சேர்மன் ஆக்கியது. ஜோசஃப் ஏற்கவில்லை. வழக்கு மலைநாட்டுக் கோர்ட்டுகளிலேயே, தொடுபுழாவிலும் கட்டப்பனையிலும், நடந்தது. செப்டம்பரில் பாலாவில் இடைத்தேர்தல். மாணி 54 வருஷம் காத்த தொகுதியில் அவர் கட்சி வேட்பாளருக்கு இலை கிடைக்கவில்லை, அன்னாசிப்பழம் கிடைத்தது. 2,943 ஓட்டில் தோற்றார். 2020 ஆகஸ்டில் கமிஷன் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மகனுக்கு இலையைக் கொடுத்தது. அக்டோபரில் அவர் இலையோடு இடதுசாரி முன்னணிக்குப் போனார். தகப்பனார் பட்ஜெட் வாசிக்க விடாமல் 2015இல் சபையில் ரகளை செய்தவர்கள் அவர்கள். இலைக்கு அந்த ஞாபகம் இல்லை.

இந்தப் பக்கம் 2022 ஜூலைப் பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியது. 2024இல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார். சின்னம் பலாப்பழம். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனுப் போட்டிருந்தார்கள். பெயர்கூட ஒருவருக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.

*

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யோக்கியமாகாது. நான் மூன்று சிறு பத்திரிகைகளின் தொடக்கத்தில் இருந்திருக்கிறேன், மூன்றின் உடைவிலும் இருந்திருக்கிறேன். ஐந்து பேர், நாற்பத்தெட்டுப் பக்கம், முந்நூறு பிரதி. மந்திரி பதவி கிடையாது, கமிஷன் கிடையாது. முதல் உடைவின்போது நாங்கள் உருவம், உள்ளடக்கம் பற்றி நிறையப் பேசினோம். இன்று அந்தக் கடிதங்களை எடுத்துப் பார்த்தால், ஆசிரியர் என்று யார் பெயர் போடுவது என்பதுதான் சண்டை என்பது வெட்கமாகத் தெரிகிறது. இரண்டாவதில் ஸ்தாபகர் இறந்திருந்தார். மூன்றாவதில் மட்டும் ஒரு நண்பர் தன் மறுப்பைப் பதினாறு பக்கத்துக்கு எழுதி அச்சிட்டார். எனக்கு எதிரான கட்டுரை. அவரோடு பேச்சு இன்றுவரை இல்லை. ஆனால் அந்தப் பதினாறு பக்கத்தை அடிக்கடி படிக்கிறேன். அந்த ஒரு பிளவிலிருந்துதான் ஏதோ கற்றுக்கொண்டேன்.

கேரள காங்கிரஸ் அறுபது வருஷத்தில் அப்படியொரு பதினாறு பக்கத்தை விட்டுச்செல்லவில்லை என்பதே என் குறை. செய்த காரியம் இல்லாமல் இல்லை. 1977 ஜனவரி 1க்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா தரும் விதிகள் 1993இல் வந்தபோது மாணிதான் வருவாய் மந்திரி. மலையின் மனக்குறைக்கு அது ஒரு பதில். ஆனால் அந்த நிலத்தில் யார் களை எடுத்தது, யார் காய் எடுத்தது என்ற கேள்வி பிரிந்த கேரள காங்கிரஸ்கள் எதற்கும் பிளவுக் காரணமாகக்கூட ஆகவில்லை. அவர்கள் இந்தச் சரிவிலிருந்து போகிறவர்கள். அவர்களுடைய ஓட்டும் இந்தச் சரிவில்தான்.

இன்றும் விடியுமுன் போடியில் ஜீப்புகள் நிற்கின்றன. தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். மேலே போய் எடுக்கும் காய் ஸ்டோரில் காய்ந்து போடிக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்கு வருகிறது. சாயங்காலம் ஜீப் இறங்கும்போது இருட்டிவிடும். மதில்களில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது.