தீயில் பிறந்த குளிர்

அடுப்பு மூட்டிப் பனிக்கட்டி செய்யலாம் என்றால் நம்பத் தயங்குவோம். ஆனால், குளிர்பதன வரலாற்றின் பழைய வழிகளுள் இதுவும் ஒன்று.

திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். ஆவியானதை மீண்டும் திரவமாக்குவதில்தான் சிக்கல். நம் வீட்டுப் பெட்டிகளில் கம்ப்ரஸர் அதைச் செய்கிறது. பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினாண்ட் கர்ரே 1859இல் வேறு வழி கண்டார். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். சூடேற்றினால் பிரிந்து வெளியேறும். வெளியேறும் வாயுவை அழுத்தத்தில் குளிர்வித்தால் திரவமாகும். அத்திரவம், அழுத்தம் குறைந்த பகுதியில் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். அந்த ஆவியைத் தண்ணீர் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரஸரின் வேலையைத் தண்ணீரின் தாகமும் நெருப்பும் பகிர்ந்துகொள்கின்றன.

அக்காலத்தில் அமெரிக்காவின் வடபகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியே உலகெங்கும் விற்பனையானது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் அந்த வணிகத்துக்காக எழுந்ததே. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநிலங்களுக்குப் பனிக்கட்டி வரத்து நின்றது. கடல் முற்றுகையைக் கடந்து அங்கே சென்று சேர்ந்தவை கர்ரேயின் இயந்திரங்கள்.

கர்ரேயின் அமைப்புக்கும் பம்பு ஒன்று தேவைப்பட்டது. 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் அதையும் நீக்கினார்கள். குழாய்களுக்குள் ஹைட்ரஜனைச் சேர்த்து மொத்த அழுத்தத்தை எங்கும் ஏறத்தாழச் சமமாக்கினார்கள். ஹைட்ரஜன் நிறைந்த இடத்தில் அம்மோனியாவின் பகுதி அழுத்தம் தாழ்வதால் அது தானாகவே ஆவியாகியது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை, ஓசையும் இல்லை. எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925இல் இதைக் கையகப்படுத்தியது.

கம்ப்ரஸர் பெட்டிகளிலோ அன்று நச்சு வாயுக்களே ஓடின. கசிவால் பெர்லினில் ஒரு குடும்பமே மடிந்த செய்தியைப் படித்து ஐன்ஸ்டைன் கலங்கினார் என்று சொல்லப்படுகிறது. அவரும் சிலார்டும் அசையும் உறுப்பில்லாத பெட்டிகளை வடிவமைத்து, 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். ஆனால், அவை சந்தைக்கு வரவேயில்லை. ஏறத்தாழ அதே வேளையில் நச்சற்ற ஃபிரியான் அறிமுகமாயிற்று. ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்திய கம்ப்ரஸர் வென்றது.

வீட்டுக்குள் உயிர்காத்த ஃபிரியான், வானில் ஓசோனை அழிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. ஒரு தீங்குக்குக் கண்ட மாற்று, பிறிதொரு தீங்காக முடிந்தது.

தோற்ற வழியோ முற்றிலும் மறையவில்லை. விடுதி அறைகளின் சிறு பெட்டிகளில் அது ஓசையின்றி இயங்குகிறது. ஆலைகளில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டும் குளிரூட்டுகிறார்கள். வரலாற்றில் தோல்வி என்று நாம் எழுதிவைப்பவை பலவும் தம் வேளைக்குக் காத்திருப்பவைதாம்.