மரைச் சுருள்
அலுமினிய உறுப்பில் மரை போய், போல்ட் பிடிக்காத துளையை மீட்க உள்ளே செலுத்தப்படும் எஃகுக் கம்பிச் சுருள். பட்டறைகளில் ஹெலிகாயில் என்ற வணிகப் பெயரே வழக்கு. கடலில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்களில் இதற்கு வேலை அதிகம். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், மின்வேதி அரிப்பில் கரைவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடி இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் மரையும் உரிந்து வரும். முதலில் சூடுகாட்டித் தளர்த்துவதே நல்லது.

8 மி.மீ. போல்ட்டுக்கு (மரை இடைவெளி 1.25 மி.மீ.) துளையைச் சுமார் 8.3 மி.மீ. ஆக்கி, சுருளுக்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டுவர். ட்ரில் சாயாமல் நேராக இறங்குவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. சுருளின் தலை, மேற்பரப்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே நிற்க வேண்டும். பின்னர் அடியிலுள்ள வால் துண்டை முறித்துக் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். அடிக்கடி கழற்றும் இடங்களுக்குச் சுருளைவிட, கெட்டியான குழல் வடிவப் புஷ் வகை மேல்.

சுருளும் எஃகே என்பதால், அரிப்புத் தடுப்புப் பசை பூசாமல் பொருத்தினால் அதே அரிப்பு மீண்டும் தொடங்கும்.