ஜேக்வான் கிம்

ஜேக்வான் கிம் (1934–2019) கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மெய்யியலாளர். மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வியை இவரைப்போல் விடாப்பிடியாகத் துரத்தியவர்கள் மிகச் சிலர்.

தேகு நகரில் பிறந்த இவர் சியோலில் பிரெஞ்சு இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். 1955இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக்குப் போன பிறகு கணிதமும் மெய்யியலும் சேர்ந்துகொண்டன. 1962இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமும், 1987 முதல் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

முதலில் பேசப்பட்டது, நிகழ்ச்சி பற்றிய இவருடைய கொள்கை. ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஒரு பண்பைக் கொண்டிருப்பதே நிகழ்ச்சி என்றார் கிம். அப்படிப் பார்த்தால் புரூட்டஸ் சீசரைக் குத்தியது ஒரு நிகழ்ச்சி, கொன்றது வேறொரு நிகழ்ச்சி. மற்றொரு மெய்யியலாளரான டொனால்ட் டேவிட்சனோ இரண்டும் ஒன்றே என்றார்.

ஆனால் கிம்மின் பெயரை நிலைநிறுத்தியது வேறொரு வாதம். தாகம் எடுக்கிறது, கை தண்ணீர்ச் சொம்பை நோக்கி நீள்கிறது. தசையை இழுத்தது நரம்பு, நரம்பைத் தூண்டியது மூளை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடவில்லை. பிறகு தாகம் என்ற உணர்வுக்கு என்ன வேலை மிச்சம்? மனம் மூளையைச் சார்ந்தது, ஆனாலும் மூளையாகச் சுருங்கிவிடாது என்று அன்றைய மெய்யியலாளர் பலர் நிம்மதியாக இருந்தனர். அந்த நடுவழி நிற்காது என்று 1989இல் அமெரிக்க மெய்யியல் சங்கத்தின் தலைமையுரையில் வாதிட்டார் கிம். உணர்வு மூளைநிலையே என்று ஏற்க வேண்டும். இல்லையேல் அதற்குச் செயலாற்றல் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படிப் போனால் உயிரியல் காட்டும் காரணங்களும் அணுக்களுக்குள் வடிந்துவிடுமே என்று மெய்யியலாளர் நெட் பிளாக் கேட்டார். வலுவான மறுப்பு இது. கிம்மின் விடை எல்லோரையும் நிறைவு செய்ததில்லை.

மூளைநிலை மாறாமல் மனநிலை மாறாது என்ற சார்புறவைத் துல்லியமாக வகைப்படுத்தியவர் கிம்தான். அந்த உறவு இருப்பதைச் சொல்கிறதே தவிர, ஏன் இருக்கிறது என்று விளக்கவில்லை எனப் பின்னாளில் சொன்னவரும் அவரே. தன் கருவியையே இப்படி உரசிப் பார்க்கும் நேர்மைதான் அவரைப் படிக்கத் தூண்டுகிறது.

2005இல் வந்த நூலில் அந்த நேர்மை உச்சத்தைத் தொட்டது. நம்பிக்கையையும் விருப்பத்தையும் அவை செய்யும் வேலையைக் கொண்டு இயற்பியல் உலகுக்குள் அடக்கிவிடலாம். சிவப்பு பச்சையிலிருந்து வேறுபடுவதைக்கூட அடக்கலாம். ஆனால் சிவப்பு நமக்குத் தோன்றும் அந்தத் தோற்றம் மட்டும் அடங்காது என்று எழுதினார். பொருண்மைவாதம், அல்லது அதற்குப் போதுமான அளவு நெருங்கிய ஒன்று: நூலின் தலைப்பையே அப்படித்தான் வைத்தார்.